இரண்டு மாடிக்கு ஒரு கம்பி

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர் எங்கள் அலுவலக லிஃப்டைப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக். லிஃப்ட் ஓடத் தொடங்கிவிட்டது. கதைதான் இன்னும் இரண்டு தளங்களுக்கு நடுவில் நிற்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வானம் எல்லோருக்கும் பொது, ஆனால் மாடிகள்...' வேண்டாம். தத்துவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மெக்கானிக் அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கியவர். வீட்டிலிருந்தபடியே முகம் தெரியாதவர்களோடு வானலையில் பேசலாம். அதற்கு இருபது மீட்டர் ஆன்டெனா கம்பி கட்ட வேண்டும். அவர் மாடி பன்னிரண்டு மீட்டர்தான். மறுமுனையைப் பக்கத்து மாடியில் கட்டியாக வேண்டும். அது அவருடைய அண்ணன் வீடு. அப்பா வீட்டைப் பிரித்தபோது நடுச்சுவர் அரை அடி தள்ளிப்போனதில், ஆறு வருடமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை.

2

கேட்கப் போனது தம்பி மனைவி.

"மாமா, உங்க மாடியில ஒரு கம்பி கட்டிக்கலாமா?"

"ஏன், அவன் வந்து கேக்க மாட்டானா?"

"அவரு கேட்டா நீங்க குடுக்க மாட்டீங்க. அதான் நான் வந்தேன்."

அண்ணன் சிரித்துவிட்டார்.

(அவ்வளவு சுலபமாகச் சிரிப்பாரா? முதல் பிரதியில் அவரை முறைக்க வைத்தேன். கதை அங்கேயே படுத்துவிட்டது.)

3

ஞாயிறு காலை. இந்த மாடியில் தம்பி, அந்த மாடியில் அண்ணன், கம்பியின் நீளம் பொருந்துகிறதா என்று காட்டும் மீட்டர் முன்னால் தம்பி மனைவி. பேச்செல்லாம் அவள் வழியாகப் போனது.

"இன்னும் கொஞ்சம் இழுக்கச் சொல்லு."

"மாமா, இழுக்கணுமாம்."

மீட்டர் முள் ஏறி நின்றது; அது இறங்கினால்தான் நீளம் சரி. கம்பி நீளம் அதிகம். இரண்டு முனையிலும் சமமாக வெட்ட வேண்டும். (நான் சேர்த்ததல்ல. இந்த ஆன்டெனாவின் விதியே அதுதான்.) வெட்டினார்கள். முள் இறங்க மனமில்லாமல் பாதியில் நின்றது.

"எவ்வளவு வெட்டினாருன்னு கேளு."

"நான் என்ன தபால்காரியா? நீங்களே கேளுங்க."

தம்பி கம்பியைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எவ்வளவு வெட்டுன?"

"ஒரு சாண்."

"யாரு சாண்?"

"என் சாண்தான். பின்ன, இரவலா வாங்குவாங்க?"

"அளந்து சொல்லுண்ணே."

வாயிலிருந்து நழுவிய அந்த 'அண்ணே'வை அவரால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. அளவு டேப்பைச் சுவருக்கு மேலே வீசினார். அண்ணன் பிடித்தார். இரண்டு பக்கமும் கணக்காக வெட்டிய பிறகு முள் கீழே இறங்கியது.

4

தம்பி மைக்கில் அழைத்தார். மூன்று முறை வெறும் இரைச்சல். நான்காம் முறை ஒரு பெண் குரல் தெளிவாகப் பதில் சொன்னது.

"யாரு அது?" அண்ணன் சுவரருகே வந்திருந்தார்.

"ஏதோ தீவுல ஒரு டீச்சராம்."

"நானும் ரெண்டு வார்த்தை பேசட்டுமா?"

"லைசென்ஸ் இல்லாம பேசக் கூடாது."

"கேக்கவாவது செய்யலாமா?"

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதி அடித்தேன். ஒன்றில் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கே கூச்சமாகப் போயிற்று. இன்னொன்றில் கம்பி அறுந்தது. அது பாவம். மூன்றாவதில் அண்ணன் சுவரில் கையை ஊன்றி...

மெக்கானிக் சொன்னது இவ்வளவுதான்: தம்பி ஒலியைக் கூட்டி, ரேடியோவை அண்ணன் பக்கம் திருப்பி வைத்தார். சுவருக்கு அப்பால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அப்புறம்?" என்றேன்.

"கேட்டுக்கிட்டு இருந்தோம்."

சுவரை முதலில் தாண்டியது யார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேச எனக்கு மனமில்லை.