நாற்பத்து மூன்று நத்தைகள்

பங்குச்சாமியார் மலக்கி பிடித்துக்கொண்டு வந்த டிரவுட் மீன் ஆறு பவுண்டு இரண்டு அவுன்ஸ் நிறுத்தது. கில்வரா தூண்டில் கழகத்தின் மே மாதப் போட்டியில் அப்படியொரு மீன் தராசில் ஏறிப் பத்து வருடமாவது ஆகியிருக்கும். ஏரியில் கருங்கல் திட்டுப் பக்கம் நாலு மணிக்குக் கடித்தது என்று சாமியார் சொன்னார். சாமியார் சொன்னால் பிறகு கேள்வி ஏது. எல்லாரும் கைதட்டிவிட்டு மன்றத்துக்குள் தேநீர் குடிக்கப் போனார்கள். இரண்டே அவுன்ஸில் கோப்பையைக் கோட்டைவிட்ட கோல்மன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படகுத்துறையிலேயே நின்றான்.

கோல்மனின் மனைவி டிம்ப்னா அப்போது மன்றத்தின் பின்னறையில் இருந்தாள். கால்வே பல்கலைக்கழகம் அந்த அறையை வாடகைக்கு எடுத்து, ஏரிப்பாசியில் வாழும் பூச்சி, புழு, நத்தைகளை எண்ணும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தது. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஒரு பல் மருத்துவருக்குப் பக்கத்தில் நின்று இடுக்கி எடுத்துக் கொடுத்தவள். ஊரார் பல்லிடுக்கில் என்னென்ன மாட்டிக்கொள்ளும் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு தட்டுப் பாசியிலிருந்து கூனி இறாலையும் சிவப்புப் புழுவையும் தனித்தனியாகப் பொறுக்குவது பெரிய காரியமில்லை. புழுக்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தங்கள் மருமகளைப் பற்றிப் பேசுவதில்லை என்பதால் இந்த வேலை அவளுக்கு இன்னும் பிடித்திருந்தது.

போட்டியில் பிடிபடும் மீன்களின் குடலை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அந்த வருடம் ஒரு விதி வந்திருந்தது. கொண்டுவந்தவர் கழகத் தலைவரான மலக்கி சாமியாரேதான். ரின்கரா குடாவுக்குள் படகு போகக் கூடாது என்ற தடையும் அவர் போட்டதுதான். குடா முழுக்கச் சுருட்டைப் பாசி. எவனோ வீட்டு மீன் தொட்டியைக் கழுவி ஏரியில் ஊற்றிய புண்ணியத்தில் வந்தது. விரல் நீளத் துண்டு ஒன்று நங்கூரத்தில் தொற்றிக்கொண்டு போனாலும் போன இடத்தில் வேர் பிடித்துவிடும். பிசாசும் சுருட்டைப் பாசியும் ஒரே சாதி, இரண்டும் ஒரு துண்டு உள்ளே வந்தால் போதும் என்று சாமியார் மூன்று ஞாயிறு தொடர்ந்து பிரசங்கம் வைத்தார். மூன்றாவது ஞாயிறு முடிவதற்குள் பிசாசின் மேல் சிலருக்கு இரக்கமே வந்துவிட்டது.

டிம்ப்னா முதலில் அறுத்தது சாமியாரின் மீனைத்தான். பெரியது என்பதைத் தவிர வேறு நோக்கம் இல்லை. வயிற்றைத் தட்டில் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினாள். நாற்பத்து மூன்று நத்தைகள். ஓட்டின் வாயில் சின்னக் கதவு போல மூடி வைத்திருக்கும் வகை. அவற்றோடு சுருண்ட பச்சை இலையாக இரண்டு துண்டுப் பாசி.

கருங்கல் திட்டில் ஒரு தட்டுக்கு மூன்று மூடி நத்தை கிடைத்தாலே அதிகம். ரின்கரா சுருட்டைப் பாசியில் கொத்துக் கொத்தாகக் கிடைக்கும். சரி, மீன் குடாவில் தின்றுவிட்டு ஆறு மைல் நீந்திப்போய் திட்டில் கடித்திருக்கலாம், மீனுக்குத் தடை கிடையாதே என்று அவள் சாமியாருக்காக வாதாடிப் பார்த்தாள். அவள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு நத்தை கதவைத் திறந்து, கொம்பை நீட்டி, தட்டின் விளிம்பை நோக்கி நடக்க ஆரம்பித்தது. பின்னாலேயே இன்னொன்று. கால் மணி நேரத்தில் பாதிக் கூட்டம் நடமாடியது. உயிரோடு இருக்கிறதென்றால் மீன் அதை விழுங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஆறு மைல் நீந்த அதற்கு நேரம் இருந்திருக்காது.

மற்றப் பத்துக் குடல்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று புட்டிகளில் போட்டுச் சாராயம் ஊற்றி மூடிவிட்டாள். கடைசி மூடியைத் திருகும்போது சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு வீடு போய்ச் சேருவதற்குள் அடங்கிவிட்டது. சாமியாரின் மீன் கழிக்கப்பட்டால் கோப்பை யாருக்கு? கோல்மனுக்கு. டிம்ப்னா வாயைத் திறந்தால், புருஷனுக்காக நத்தையை அவளே உள்ளே திணித்தாள் என்று ஊர் சொல்லும். திறக்காவிட்டால் அந்த நாற்பத்து மூன்றையும் கணக்கில் எப்படி எழுதுவது? கருங்கல் திட்டு என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை. வாரம் முழுக்க, கிடைத்த இடம் என்ற அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டு வைத்தாள்.

சனிக்கிழமை காலை, சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். கடைசியாகப் போனது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை. கூண்டுக்குள் மண்டியிட்டு, கம்பித்தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் இருமி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஒருத்தரோட மீன் வயித்த அறுத்துப் பாத்து ரொம்ப சந்தோஷப்பட்டேன் ஃபாதர்."

சாமியார் தட்டிப் பக்கம் சாய்ந்தார். "யாரோட மீன்?"

"இங்க மத்தவங்க பேர இழுக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

"சரி. உள்ள என்ன இருந்துச்சு?"

"நத்தை. நாப்பத்தி மூணு. எந்திரிச்சு நடந்துச்சு. கூட ரெண்டு துண்டு சுருட்டைப் பாசி."

நாற்காலி கிறீச்சிட்டது. சாமியாரின் குரல் இறங்கிவிட்டது. "டிம்ப்னா, இத வெளிய வந்து, நான் பூசை உடுப்பு மாத்துற அறையில ஒரு தடவ சொல்லேன். இங்க நீ சொல்லிட்டா அது கூண்டு ரகசியம், அப்புறம் இதப் பத்தி நான் உன்கிட்ட வாயத் திறக்கவே முடியாது."

"அதுக்குத்தான் ஃபாதர் இங்க வந்தேன்."

அவர் பெருமூச்சு விட்டது தட்டி வழியாக அவள் முகத்தில் பட்டது. காலையில் வெங்காயம் சாப்பிட்டிருந்தார். அபராதமாக ஐந்து மந்திரம் சொல்லச் சொல்லிவிட்டு, அவள் எழுந்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "மத்த மீனுங்க வயித்தப் பாத்தியா?"

"இல்ல."

"பாவத்த அரைகுறையா விடக் கூடாது," என்றார் சாமியார்.

ஐந்து மந்திரத்தையும் நடந்துகொண்டே சொல்லி முடித்து நேராகப் பின்னறைக்குப் போனாள். முதல் புட்டியில் நத்தையும் சுருட்டைப் பாசியும். இரண்டாவதில் அதே. மூன்றாவதில் பாசியே பாதி வயிற்றை அடைத்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டை மறந்து பத்தையும் முடித்தாள். ஒன்பதில் ரின்கரா. கடைசிப் புட்டியில் மட்டும் மே மாதத்தில் ஒழுங்கான டிரவுட் எதைத் தின்னுமோ அது, மே ஈக்கள், சிறகு மடிந்து கிடந்தன. அது ஒரு பவுண்டு மூன்று அவுன்ஸ், போட்டியிலேயே ஆகச் சிறிய மீன். பிடித்தவள் கன்செப்டா, ஓய்வுபெற்ற தபால் நிலையத்துக்காரி. நாள் முழுக்கப் படகுத்துறை ஓரமாகவே தூண்டில் போட்டு, கரையில் போனவர்களையெல்லாம் வைதுகொண்டிருந்தாள்.

இரண்டாவது புட்டி கோல்மனுடையது.

அவன் ஆறு மணிக்கு உருளைக்கிழங்கும் பன்றித்தொடையுமாகச் சாப்பிட உட்கார்ந்ததும் அவள் எதிரே உட்கார்ந்து, அவன் மீன் எங்கே கடித்தது என்று கேட்டாள். வழக்கமான இடம்தான் என்றான். முப்பது நத்தை என்று அவள் சொன்னாள். அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"காத்து தள்ளிட்டுப் போயிருச்சு."

"அன்னிக்கு வடகாத்து. ரின்கரா இருக்கிறதும் வடக்குல. உன்ன மட்டும் எதிர்ப்பக்கமா இழுத்துட்டுப் போன காத்து எது?"

கோல்மன் கொஞ்ச நேரம் உருளைக்கிழங்கிடம் ஆலோசனை கேட்டான். "நான் மட்டும் போகல."

"தெரியும். பத்துப் பேரு."

"பத்தா?" அவன் உண்மையாகவே அதிர்ந்துபோனான். "நான் ஏழு படகுதான் பாத்தேன்."

பிறகு எல்லாம் வெளியே வந்தது. போன வருடமே அங்கே மீன் கொழுத்திருக்கிறது என்று காதோடு காதாகப் பேச்சு. தடைப் பலகை வைத்த பிறகு பேச்சு இன்னும் பரவியது. போட்டியன்று குடாவுக்குள் படகுகள் நாணல் ஓரம் ஆளுக்கொரு மூலையில் நின்றிருந்தன. ஒருவரையொருவர் பார்த்தும் யாரும் கையசைக்கவில்லை, தலையாட்டவில்லை. சாமியார் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். "அது அவருதானான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்," என்றான் கோல்மன். "ஆனா மீன் மாட்டினதும் மாதாவே மாதாவேன்னு கத்தினாரு."

டிம்ப்னாவுக்குச் சிரிக்க வேண்டும் போலவும் அவன் தலையில் உருளைக்கிழங்குச் சட்டியைக் கவிழ்க்க வேண்டும் போலவும் இருந்தது. அதைவிட, வேறொரு எண்ணம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பத்துப் படகு உள்ளே போனால் பத்து நங்கூரம் வெளியே வரும்.

மறுநாள் ஊரே பூசையில் இருந்தபோது அவள் வாளியோடு படகுத்துறையில் இருந்தாள். ஒவ்வொரு படகாக இறங்கி நங்கூரக் கயிற்றையும் படகுக்குள் தேங்கிய தண்ணீரையும் துழாவினாள். சாமியாரின் படகில் ஒரு கைப்பிடிப் பாசி, இன்னும் பச்சையாக. கோல்மனின் படகில் அதில் பாதி. ஒன்றுகூட ஏமாற்றவில்லை. பத்துக் கண்ணாடிப் புட்டியில் ஏரித்தண்ணீர் ஊற்றி, துண்டுகளைப் போட்டு, படகின் பெயரை ஒட்டினாள். அவள் மன்றத்துக்கு வருவதற்குள் நத்தைகள் கண்ணாடியில் ஏற ஆரம்பித்திருந்தன. கூனி இறால்கள் பக்கவாட்டில் நீந்தின.

அன்று சாயந்தரம் மன்றத்தில் கோப்பை கொடுப்பதற்கு முன் ஆராய்ச்சி பற்றிப் பத்து நிமிடம் பேச டாக்டர் சோர்க்கா கால்வேயிலிருந்து வந்திருந்தாள். டிம்ப்னாவுக்கு மேலதிகாரி, மெலிந்த பெண், எதையும் நேராகச் சொல்லிவிடுகிறவள். டிம்ப்னா அவளிடம் கணக்கெழுதிய தாளையும் புட்டிகளையும் கொடுத்தாள். சோர்க்கா தாளைப் படித்தாள், புட்டிகளைப் பார்த்தாள், தயாரித்து வந்த பேச்சை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

புட்டிகளை மேடை மேசையில் வரிசையாக அடுக்கிவிட்டு, படகுகளின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தாள். நாலாவது பெயரிலேயே மன்றத்தில் தலைகள் குனிய ஆரம்பித்தன. சுருட்டைப் பாசியில் உயிர் நிறைய இருக்கிறது, இல்லையென்று யாரும் சொல்லவில்லை என்றாள். ஆனால் அது மண்டிய இடத்தில் ஏரியின் சொந்தப் பாசி செத்துவிடும், அந்தப் பாசியும் சேறும் சரளையும் போனால் மே ஈக்குப் பிறக்க இடமிருக்காது. இரண்டு வருடம் கொழுத்த மீன், அதற்கப்புறம் நத்தையைப் பிடித்து வறுத்துத் தின்னுங்கள். போட்டியன்றிலிருந்து இந்தப் பத்துப் படகும் எங்கெங்கே நங்கூரம் போட்டன என்று அவளுக்கு இன்றே பட்டியல் வேண்டும்.

எல்லாரும் சாமியாரைப் பார்த்தார்கள். அவர் கோப்பையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து எழுந்தார்.

"முதல் புட்டி என்னோடது. திட்டுன்னு சொன்னது பொய். பலகைய வச்சதும் நான், அதத் தாண்டி மொதல்ல போனதும் நான்." கோப்பையை மேசையில் வைத்தார். "என் பின்னால வந்தவங்க தனித்தனியா எந்திரிக்க வேணாம். எனக்கு உங்க எல்லாரையும் தெரியும்."

கோப்பை கன்செப்டாவுக்குப் போனது. ஒரு பவுண்டு மூன்று அவுன்ஸ் மீனுக்கு. கில்வராவின் ஒரே நேர்மையான ஆத்மா என்று சாமியார் தழுதழுக்க ஆரம்பித்ததும் கன்செப்டா கையை நீட்டி அவரை நிறுத்தினாள்.

"என் படகு எஞ்சின் மட்டும் ஸ்டார்ட் ஆகியிருந்தா நானும் அங்கதான் ஃபாதர் இருந்திருப்பேன்," என்று சொல்லிக் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள்.

கோல்மன் ஒரு வாரம் டிம்ப்னாவோடு பேசவில்லை. அந்த ஒரு வாரத்தில் அவள் இரண்டு மாதப் பாக்கித் தட்டுகளைப் பார்த்து முடித்தாள். எட்டாம் நாள் அவனாகவே வந்து, கூனி இறால் ஏன் படுத்துக்கொண்டே நீந்துகிறது என்று கேட்டான். சமாதானம் பேச அவனுக்குத் தெரிந்த வழி அதுதான்.

ஆகஸ்டில் பட்டியலில் இருந்த மூன்று இடங்களில் சுருட்டைப் பாசி தலைகாட்டியது. ஒன்று கருங்கல் திட்டிலேயே. இளசாக இருக்கும்போதே கையால் வேரோடு பிடுங்கியாக வேண்டும், வலை போட்டால் துண்டாகும் என்று சோர்க்கா சொல்லிவிட்டாள். பத்துப் பேரும் சனிக்கிழமை தவறாமல் முழங்கால் ஆழத் தண்ணீரில் குனிந்து நின்றார்கள். சாமியார் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு முன்னால் நின்றார். தண்ணீர் எலும்பைக் கடித்தது. யாருக்கும் முணுமுணுக்கத் தைரியமில்லை, டிம்ப்னா படகில் தட்டோடு உட்கார்ந்து எல்லாருடைய வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை சாமியார் கரையேறியபோது கெண்டைக்காலில் மெல்லிசாக ஒரு அட்டை நெளிந்துகொண்டிருந்தது. அவர் முகம் வெளிறிவிட்டது. டிம்ப்னா அவர் காலைத் தன் மடிமேல் தூக்கி வைத்து இடுக்கியால் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"பயப்படாதீங்க ஃபாதர். இது மீன் அட்டை. மனுஷனக் கடிக்காது."

"அப்ப என் கால்ல என்ன பண்ணிட்டிருந்துச்சு?"

"மோந்து பாத்து மீனுன்னு ஏமாந்திருக்கும்."

அட்டையைப் புட்டிக்குள் விட்டுப் பென்சிலை எடுத்தாள். மீன் அட்டை, ஒன்று, உயிரோடு. கிடைத்த இடம் என்ற கட்டத்தில் எழுதுவதற்கு முன், வலதா இடதா என்று நிச்சயப்படுத்திக்கொள்ள அவர் காலை இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள்.