அடுப்பேறாத பானை

எனக்கும் சன்னாசிக்கும் நடக்க இருந்த கல்யாணம் ஒரு பானையால் தடைப்பட்டு நின்றது. எங்கள் ரப்பர் எஸ்டேட் ஜப்பான்காரன் கையில் இருந்த காலம். கல்யாணம் ஆகாத ஆண்களைத்தான் முதலில் சயாம் ரயில்பாதை போடும் வேலைக்கு லாரியில் ஏற்றுகிறார்கள், போனவன் திரும்புவதில்லை என்று எஸ்டேட் முழுக்கப் பேச்சு. வெள்ளிக்கிழமை லாரி வரும் என்றார்கள். சன்னாசியின் அம்மா வெள்ளையம்மாளோ, புதுப்பானையில் பொங்காமல் தாலி கட்டக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். யுத்த நேரத்தில் சுங்கை சிப்புட் டவுன் கடைகளில் பானை இருந்தால்தானே?

"பழைய பானையில பொங்கிக் கட்டுன தாலி எனக்கு நிலைக்கல. உனக்கும் அப்படி ஆகணுமா?" என்று கேட்டாள். கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஆற்றோரத்தில் முன்பு ஒரு குயவர் குடிசை இருந்ததை என் அண்ணன் பத்துமலைதான் நினைவுபடுத்தினான். சூளை ஆறுவதற்குள் வெள்ளம் வந்து எல்லாவற்றையும் மண் மூடிவிட்டதாம். மனிதர் வேறு ஊருக்குப் போய்விட்டாராம். இப்போது அங்கே வெறும் லாலான் புல். திறக்காத சூளைக்குள் பானை இருக்குமே என்று நான், அண்ணன், சன்னாசி மூவரும் மண்வெட்டியோடு கிளம்பினோம்.

சன்னாசி ஓங்கி ஒரு வெட்டு வெட்டினான். பாதிச் சட்டி கையோடு வந்தது.

"மெதுவா, மச்சான். உங்கம்மா மேல இருக்கிற கோவத்த மண்ணு மேல காட்டாதீங்க" என்றேன்.

அப்புறம் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டினோம். முதலில் கறுப்பு வட்டங்கள் தெரிந்தன. தூண்கள் மக்கிய குழிகள் அவை. அவற்றை வைத்தே வீட்டின் நாலு மூலையும் பிடிபட்டது. உள்ளே அடுப்புக்கற்கள், சுற்றிலும் உடைந்த சட்டிகள். எல்லாவற்றின் அடியிலும் கரி.

"இதெல்லாம் சோறாக்குனது. வேணாம்லா" என்றான் அண்ணன்.

வீட்டுக்குப் பின்னால் மண் செங்கல்போல் சிவந்து இறுகியிருந்தது. அதை முதலில் கண்டது நான்தான், சொல்லாமல் விடமாட்டேன். சரிந்த சூளைக்குள் சாம்பல், சாம்பலுக்குள் பானைகள். மேலே இருந்தவை நொறுங்கிக் கிடந்தன. அடியில் ஒன்று மட்டும் முழுசு. சன்னாசி அதைக் கைக்குழந்தையைப்போல் தூக்கினான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளையம்மாள் முகத்தைச் சுளித்தாள். "செத்தவன் வீட்டுப் பானைடி இது."

"அவர் எங்க செத்தாரு, அத்தை? வேற ஊர்ல இருக்காரு."

"இத்தன வருசத்துப் பானை எப்படிப் புதுசாகும்?"

"அடியத் தடவிப் பாருங்க. கரி இருக்கா?"

வெளியே தடவினாள், உள்ளே தடவினாள், விரலை முகர்ந்தாள். தண்ணீர் ஊற்றியதும் புதுமண் வாசம் எழுந்தது. "அடுப்பேறாததுதான்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு கைப்பிடி அரிசியும் மரவள்ளிக்கிழங்கும் போட்டுப் பானையை ஏற்றினோம். சூடேறியதும் அதன் பக்கவாட்டில் மெல்லிய விரிசல் ஓடியது. அத்தை பார்க்கவில்லை, நான் பார்த்துவிட்டேன்.

"மச்சான், மஞ்சக் கயிறக் கையில எடுங்க" என்றேன். மணப்பெண்ணுக்கு என்ன அவசரம் பார் என்று பெண்கள் சிரித்தார்கள். நுரை வழிந்தது, குலவை எழுந்தது. சன்னாசி மூன்றாவது முடிச்சைப் போட்டான். பானை பட்டென்று பிளந்தது.

எல்லோரும் அத்தையின் முகத்தைப் பார்த்தார்கள்.

"பொங்குச்சுல்ல? அப்புறம் என்ன. சாம்பலத் தட்டிட்டுச் சாப்பிடுங்க" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே லாரி வந்தது. ஆள் கணக்கு எழுதும் எஸ்டேட் கிராணி இறங்கிச் சன்னாசியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அத்தை முந்திக்கொண்டு இலையில் பொங்கலை வைத்து அவரிடம் நீட்டினாள்.

"என் மகன் கல்யாணச் சோறு, ஐயா. சூடா இருக்கு, பாத்துச் சாப்பிடுங்க."

கிராணி என் கழுத்தைப் பார்த்தார். கயிற்றில் மஞ்சள் ஈரம் காயவில்லை. நின்றபடியே ஒரு வாய் போட்டு மென்றார்.

"உப்பு பத்தலலா" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினார். சன்னாசியை ஏற்றவில்லை.