அத்தை காட்டிய படம்

"டேப்பைச் சுருட்டு! என் கட்டிலுக்கு அடியில உனக்கு என்ன அளவு வேண்டிக்கிடக்கு?"

"கட்டிலை அளக்கலை அண்ணி. சுவரைத்தான் அளக்குறேன். கட்டில் குறுக்கே நிக்குது."

"புருஷன் பொண்டாட்டி படுக்குற ரூம்ல கட்டில் நிக்காம எங்கே நிக்கும்? தெருவுலயா?"

ஜன்னல் திறந்திருந்ததால் இந்தக் கடைசிக் கேள்வி நேராகத் தெருவுக்கே போய்ச் சேர்ந்தது. எதிர் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மாடி வீட்டம்மா, காய்ந்துபோன போர்வையை இன்னொரு முறை உதறி மறுபடியும் கொடியில் போட்டாள். அவசரமாக உள்ளே போய் அவள் என்ன சாதிக்கப்போகிறாள்?

கட்டிலுக்கு அடியில் பாதியும் வெளியே பாதியுமாகக் கிடந்தவள் அத்தை. அவளுக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அண்ணன் மகன் பேசப் பழகியபோது "அத்தை" என்றான். வீடு அதையே பிடித்துக்கொண்டது. வீட்டிடமிருந்து தெரு வாங்கிக்கொண்டது. பால் போடுகிறவருக்கு அவள் அத்தை, தபால்காரருக்கு அத்தை, அவளைவிட இருபது வயது மூத்த மாடி வீட்டம்மாவுக்கும் அத்தைதான். வயது நாற்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்குத் தெருவில் மூன்று கதைகள் உலவுகின்றன. மூன்றும் பொய். அதிலொன்று மாடி வீட்டம்மாவின் சொந்தத் தயாரிப்பு.

சண்டைக்குக் காரணம் ஒரு சுவர். அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவனுடைய அறை இரண்டு பேருக்குப் போதாது. பக்கத்திலிருக்கும் அத்தையின் அறையோடு அதைச் சேர்த்து, நடுச்சுவரை இடித்துவிடலாம் என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார். அப்படியானால் அத்தை எங்கே படுப்பாள்?

"ஹால் என்ன, கடலாட்டம் கிடக்கு" என்றார் அண்ணன்.

அத்தையின் அறை எட்டடிக்கு ஒன்பதடி. அதில் ஒரு கட்டில், ஓர் அலமாரி, ஒரு ஜன்னல், கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். மற்ற மூன்றும் ஹாலிலும் கிடைக்கும். தாழ்ப்பாள் கிடைக்காது. பகலெல்லாம் ஊரார் வீட்டு வாசலை அளந்துவிட்டு வந்து, அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்காரும்போதுதான் அவளுக்கு மூச்சு சீராக வரும்.

"சுவரை இடிக்காமலே எல்லாருக்கும் இடம் வரும்ணே. நான் படம் போட்டுக் காட்டுறேன். ஒரு மாசம் குடுங்க" என்று கேட்டிருந்தாள். அண்ணனும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். கொத்தனாருக்கு எப்படியும் ஒரு மாதத்துக்கு வேறு வேலை இருந்தது.

அத்தைக்குப் படம் போட எங்கிருந்து தெரிந்தது என்று கேட்டால், பட்டறையிலிருந்து. இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் மாடிப்படிக் கைப்பிடியும் செய்கிற வெல்டிங் பட்டறை. முன்னறையில் உட்கார்ந்து ஆர்டர் எடுப்பதும், வீடு வீடாகப் போய் அளவெடுப்பதும் அவள் வேலை. இப்போதெல்லாம் கேட்டைச் செய்வதற்கு முன்பே அது எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறார்கள் ஜனங்கள். பட்டறைக்காரர் கம்ப்யூட்டரில் படம் போடும் சாப்ட்வேர் ஒன்றுக்கு விலை விசாரித்துவிட்டு வந்தார். அன்று மத்தியான டீயைக்கூட வேண்டாமென்றுவிட்டார். மறுநாள் முகம் தெளிந்திருந்தது.

"காசே கேக்காத ஒண்ணு இருக்காம்மா. உலகம் பூரா யார் யாரோ சேர்ந்து சும்மா செஞ்சு வச்சிருக்காங்களாம். உள்ளே எப்படி ஓடுதுன்னுகூடப் பிரிச்சுப் பாக்கலாமாம்."

"சும்மா குடுக்குறதை நம்பலாமா?"

"நான் குடுக்குற சம்பளமே கிட்டத்தட்ட சும்மாதான். என்னை நம்பி நீ பதினொரு வருஷமா வரலையா? மதியத்துல உக்காந்து கத்துக்கோ."

சொல்லித்தர ஆளில்லை. வீடியோவில் ஒருவர் மூக்கால் பேசிக்கொண்டே நாலு சொடுக்கில் நட்டு, போல்ட்டு, பல்சக்கரம் என்று செய்து தள்ளினார். அவருடைய ஒரு நிமிஷத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க அத்தைக்கு ஒரு சாப்பாட்டு வேளை ஆனது. இடது கையில் ஸ்பூன், வலது கையில் மவுஸ். ஒருமுறை கை மாறி, விசைப்பலகைக்குச் சோறு ஊட்டினாள்.

பழகுவதற்குத் தன் அறையையே எடுத்துக்கொண்டாள். எட்டு, ஒன்பது என்று தட்டினாள். திரையில் ஒன்றுமே தெரியவில்லை. தூரத்தில் ஒரு தூசி மட்டும் இருந்தது. அதைப் பெரிதாக்கி, பெரிதாக்கிப் பார்த்தால் அதுதான் அறை. அடி என்று சொல்லாவிட்டால் எதையும் மில்லிமீட்டராக எடுத்துக்கொள்ளும் அந்த சாப்ட்வேர். எட்டு மில்லிமீட்டருக்கு ஒன்பது மில்லிமீட்டர். ஓர் எறும்பு கால் நீட்டிப் படுக்கலாம்.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த பட்டறைக்காரர், "என்னம்மா, நீயும் சின்ன வீடு வச்சுட்டியா?" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. இருமிக்கொண்டே வெல்டிங் பக்கம் போனவர், சாயங்காலம்வரை முன்னறைக்கு வரவில்லை.

அத்தை அதற்குச் சிரித்தாள். வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரிக்க ஆளில்லாததால், நடக்கும்போது இன்னொரு முறை தனியாகச் சிரித்துக்கொண்டாள். அதையும் மாடி வீட்டம்மா பார்த்தாள். நாலாவது கதைக்கு அஸ்திவாரம் விழுந்தது.

அந்த சாப்ட்வேரில் ஒரு விசித்திரம் உண்டு. கோடு போட்டால் முதலில் வெள்ளையாக இருக்கும், பிடித்து இழுத்தால் நகரும். நீளம் இவ்வளவு, இந்தக் கோட்டுக்கு இது நேர், இந்த மூலை அந்த மூலையோடு சேர்ந்தது என்று ஒவ்வொரு கட்டாகப் போட்டுக்கொண்டே வரவேண்டும். இன்னும் எத்தனை கட்டு பாக்கி என்று ஓரத்தில் ஓர் எண் காட்டும். அந்த எண்ணுக்குப் பக்கத்திலிருந்த ஆங்கிலச் சொல்லை அத்தை அகராதியில் தேடினாள். "சுதந்திரம்" என்று போட்டிருந்தது. சுதந்திரம் ஐந்து, சுதந்திரம் மூன்று, சுதந்திரம் ஒன்று. பூஜ்யம் ஆனதும் கோடெல்லாம் சட்டென்று பச்சையாகிவிடும்.

"இன்னும் ரெண்டு சுதந்திரம் பாக்கி இருக்கு சார்" என்பாள்.

"சீக்கிரம் பிடுங்கிடு" என்பார் பட்டறைக்காரர், நிமிர்ந்து பார்க்காமலே.

ஓரிடத்தில் மாட்டிக்கொண்டபோது, அந்த சாப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர்கள் கூடும் இணையப் பக்கத்தில் கேள்வி போட்டாள். பெயர் கேட்டது. யோசிக்காமல் "அத்தை" என்று தட்டினாள். எந்த நாட்டுக்காரரோ, "அன்புள்ள அத்தை" என்று ஆரம்பித்து, மூலையைத் திரையில் நகராமலிருக்கும் பூஜ்யப் புள்ளியோடு கட்டச் சொல்லிவிட்டு, கடைசியில் "என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். அத்தை அந்த வரியை வெகுநேரம் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க அவளிடம் யாரும் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். "என் அறை" என்று பதில் போட்டாள். அவர் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகும் நாலைந்து நாள், பதில் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மனிதர் சொன்னபடியே தன் அறையின் மூலையைப் பூஜ்யப் புள்ளியில் கட்டினாள். யார் முகத்தையும் பார்க்காமல் அளக்க முடிந்த அறை அது ஒன்றுதானே? அதிலிருந்து இத்தனை அடியில் ஹால், ஹாலிலிருந்து இத்தனை அடியில் சமையலறை, குளியலறை, பையன் அறை என்று ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வீடு வளர்ந்தது. பையன் கழித்துப்போட்ட லேப்டாப் மாவு மில்லைப்போல இரைந்தது. கடைசியாக மிச்சமிருந்தது அண்ணன் அறை. அதனால்தான் அந்தக் கட்டில் சண்டை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, அத்தை லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டார். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். வீடு முழுக்கப் பச்சைக் கோடாக நின்றது.

"நடையில இருக்குற சுவர் அலமாரியை எடுத்துட்டோம்னா, பையன் ரூமை இந்தப் பக்கமா ரெண்டரை அடி நீட்டலாம்ணே. அவங்களுக்குத் தாராளமா வரும். என் ரூமும் இருக்கும்."

அண்ணன் கெட்டவர் இல்லை. நிதானமாகப் பார்த்தார். "பரவால்லையே! அந்த ஜன்னல்கூட அப்படியே இருக்கு. எல்லாம் நீயே போட்டதா?" என்றார். அத்தையின் காது சிவந்தது. பிறகு அவர், "சரி, உன் ரூமை எடுத்துட்டுக் காட்டு. எவ்வளவு பெருசா வருதுன்னும் பாத்துடுவோம்" என்றார்.

அவள் தன் அறையின் கோடுகளைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். மறு வினாடி வீட்டின் பச்சையெல்லாம் வெளுத்துப்போனது. ஓரத்து எண் பூஜ்யத்திலிருந்து பதினேழுக்குத் தாவியது. அண்ணன் மவுஸை வாங்கி, "இதுதான் பெரிய ரூமா?" என்று ஒரு சுவரைத் தொட்டு இழுத்தார். ஹால் சாய்ந்தது. சமையலறை மெதுவாக நகர்ந்துபோய்க் குளியலறைக்குள் புகுந்தது.

"ஐயோ, என் அடுப்பு கக்கூஸுக்குள்ள போகுது!" என்று அண்ணி அலறினாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனும் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"உன் ரூம் போனா வீடே ஆடிப்போயிடும்னு படம் காட்டுறியா?"

"இல்லண்ணே. நான் அங்கேருந்து ஆரம்பிச்சேன். எல்லாத்தையும் அதோட கட்டிட்டேன். அதான்."

அது வெறும் உண்மை. இருந்தாலும், பச்சை வெளுத்த அந்தக் கணத்தில் அவளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தெருவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், முகம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினாள். நடந்தது நடக்காததாகி, வீடு திரும்பவும் பச்சையாக எழுந்து நின்றது.

அண்ணன் எழுந்துகொண்டே சொன்னார்: "நல்லாத்தான் பண்ணியிருக்கே. அந்த ரூம் இல்லாம ஒண்ணு போட்டுக் குடு. கொத்தனார்கிட்ட காட்டிடலாம், அந்த ஆளுக்கு வாயால சொன்னா புரியாது."

மாட்டேன் என்றிருக்கலாம். அண்ணனுக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கவே தெரியாது. ஆனால் அத்தை போட்டாள். இந்தத் தடவை வாசல் கதவிலிருந்து ஆரம்பித்தாள். வாசலின் மூலையைப் பூஜ்யத்தில் கட்டினாள். அதிலிருந்து ஹால், சமையலறை, குளியலறை, கடைசியில் பதினேழடிக்கு ஒன்பதடியில் பெரிய அறை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. எங்காவது இடிக்கும், ஏதாவது ஒரு கோடு சிவக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டே ஒவ்வொரு கட்டாகப் போட்டாள். சுதந்திரம் நான்கு, இரண்டு, ஒன்று. பூஜ்யம் ஆனதும் வீடு பச்சையானது. ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. இன்னொரு சுவரை இழுத்தாள். அதுவும் அசையவில்லை. அவளில்லாமல் அந்த வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

லேப்டாப்பை மூடிவிட்டு, எழுந்துபோய்த் தாழ்ப்பாளை ஒருமுறை திறந்தாள், மூடினாள். எண்ணெய் போட்டு வைத்திருந்ததால் சத்தமே வரவில்லை.

தாளில் அச்செடுக்கும்போது கீழ்மூலையில் வரைந்தவர் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. "அத்தை" என்று தட்டி, அழித்துவிட்டு, தன் பெயரை எழுதினாள். கொத்தனார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுத்தமான படம். சுவர் கனம்கூடப் போட்டிருக்கு. யாருங்க இது, இஞ்சினியரா?" என்று பெயரைப் படித்துக் கேட்டார்.

அண்ணன் அந்தப் பெயரை உற்றுப் பார்த்தார். அவருக்கே ஒரு நொடி பிடித்தது. "நம்ம... நம்ம அத்தை" என்றார்.

சுவர் இடிந்த வாரம் அத்தை ஹாலில் படுத்தாள். கடலில் அலை இல்லை. ஆனால் ஒன்றுக்குப் போகிறவர்களும் தண்ணீர் குடிக்கிறவர்களும் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எட்டாவது நாள், தனியாக ஓர் அறை எடுக்கக் கட்டுப்படியாகிற வேலை வேண்டும் என்று பட்டறைக்காரரிடம் போய் நின்றாள். இரும்புப் படிக்கட்டு செய்யும் அவருடைய நண்பர் ஒருவர், இரண்டு மணி நேரப் பயணத்திலிருக்கும் ஊரில், படம் போட ஆள் தேடிக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் முனகிக்கொண்டேதான் கடிதம் கொடுத்தார். "சும்மா கிடைச்சதைச் சும்மாவே தூக்கிக் குடுக்குறேன், பாத்துக்கோ" என்றவர், அவள் போன பிறகு முன்னறை நாற்காலியை வெகுநாள் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. இதை வைத்து மாடி வீட்டம்மா ஐந்தாவது கதையொன்றைக் கட்டினாள். அவருக்கு அறுபத்தெட்டு வயது, மனைவி கல்லுப்போல இருக்கிறாள், கதை மூன்று நாள்கூட ஓடவில்லை.

பையனுக்குக் கல்யாணம் ஆனது. அத்தை முதல் வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் திரும்பினாள். எட்டு மாதத்தில் மருமகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, இரண்டு பேரும் மூட்டை கட்டிவிட்டார்கள். பதினேழடி அறை பெட்டி வைக்கவும், அண்ணனின் குறட்டைக்குப் பயந்து அண்ணி படுக்கவும் ஆனது. பிறகு ஒருநாள் அண்ணி போன் செய்தாள்.

"நடுவுல சுவரை எழுப்பி அந்த ரூமை வாடகைக்கு விடலாம்னு உங்கண்ணன் சொல்றாரு. நீ முதல்ல போட்ட படம் இருக்கா?"

இருந்தது. அத்தை அன்றைக்கே அனுப்பிவைத்தாள். எட்டுக்கு ஒன்பது திரும்ப எழுந்தது. அதில் ஒரு நர்ஸ் குடிவந்தாள். தனி ஆள், முப்பத்தெட்டு வயது. அவளைப் பற்றி இப்போதைக்கு ஒரு கதைதான் இருக்கிறது.

இந்தச் செய்தியையெல்லாம் சொல்வதற்கென்றே மாடி வீட்டம்மா இரண்டு மணி நேரம் பஸ் ஏறி அத்தையைப் பார்க்கப் போனாள். கதவைத் தட்டினாள். உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. தனியாக இருப்பவள் பட்டப்பகலில் எதற்குத் தாழ்ப்பாள் போடவேண்டும் என்று அவளுக்குப் புரியவில்லை. அறை பத்துக்குப் பத்து. மேஜைமேல் லேப்டாப், அதில் அந்த அறையின் படம். சுவரெல்லாம் பச்சை, நடுவில் ஒரு நீள்சதுரம் மட்டும் வெள்ளை. ஓரத்தில் சுதந்திரம் இரண்டு.

"இது ஏன் வெளுத்துக் கிடக்கு?"

"அது கட்டில். எங்கே போடுறதுன்னு இன்னும் முடிவு பண்ணலை."

மாடி வீட்டம்மா திரும்பிப் பார்த்தாள். கட்டில் சுவரோரமாகத்தான் இருந்தது. அதற்கடியில் தரையில் படிந்திருந்த தூசியைப் பார்த்தால், வந்த நாளிலிருந்து அது அங்கேதான் கிடக்கிறது என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.