நாற்பத்தேழாம் எண்ணின் நடை

திரையில் ஒரு பச்சைக் கோடு ஏறிக்கொண்டே போயிருந்தது. நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒன்பது பேரும் கைதட்டினார்கள். ஆய்வுத் தலைவர் கோட்டின் உச்சியை விரலால் தொட்டுக் காட்டி, "நாற்பத்தேழாம் எண். வயசு எழுபத்தாறு. ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் ஒரு நாளைக்கு மூவாயிரம் ஸ்டெப். இப்ப ஒன்பதாயிரம். நலமான முதுமைன்னா இதுதாங்க" என்றார். அவருக்கே அறுபத்து மூன்று. முடிக்குக் கருஞ்சாயம், காலையில் ஒரு பாட்டில் பச்சைச் சாறு, மாடிக்குப் படியேறித்தான் போவேன் என்ற விரதம். என்றும் பதினாறு என்று யாரோ ஆரம்பித்து, இப்போது அவர் இல்லாத இடத்தில் வெறும் 'பதினாறு' என்றே ஆகிவிட்டார்.

எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவள் டாக்டர். நாற்பத்தேழு அவள் பிடித்துக் கொடுத்த ஆள். அந்த நாட்டில் குடியேறி முதுமையடைந்த தமிழர்களைப் பற்றிய ஆய்வு அது. அவர்களிடம் அவர்கள் மொழியில் பேச ஒரு தமிழ் மருத்துவர் வேண்டும் என்று அவளைக் கடல் தாண்டிக் கூட்டிவந்திருந்தார்கள். கணவனையும் எட்டு வயது மகளையும் ஊரில் விட்டுவிட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. கட்டுரை நல்ல இதழில் வந்தால் இன்னும் மூன்று வருடம் நீட்டிப்பார்கள், நீட்டித்தால் மகளைக் கூட்டிவரலாம். ஆகவே அந்தப் பச்சைக் கோட்டில்தான் அவளுடைய குடும்பமும் தொங்கிக்கொண்டிருந்தது.

"போஸ்டருக்கு அவர் படம் வேணும். நீயே போய் ஒரு கையெழுத்து வாங்கி, படமும் எடுத்துட்டு வந்துடு. சிரிச்ச முகமா இருக்கணும், என்ன?" என்றார் பதினாறு.

நாற்பத்தேழு லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருடம் மற்றவர்களை மேலே ஏற்றி இறக்கிய மனிதர், பேச்சில் குசும்பு அதிகம். முதல் பரிசோதனையில், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு முப்பது விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்த்தபோது பன்னிரண்டு வந்தது. "என்னங்க சார், லிஃப்ட் பாதியில நின்னுடுச்சு? அடுத்த தடவை பதினெட்டு எடுங்க, உங்க படத்தைப் பெருசா போடுறோம்" என்று அவள்தான் சீண்டினாள். "போட்டாச்சுன்னு வெச்சுக்குங்க" என்று சிரித்தார் அவர். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டேதான் அழைப்பு மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. டாக்டரின் கண்ணில் முதலில் பட்டது அந்த அம்மாளின் இடது மணிக்கட்டு. நாற்பத்தேழின் நடையை எண்ணுவதற்காக ஆய்வில் கொடுத்திருந்த கறுப்புக் கைக்கடிகாரம் அதில் இருந்தது. அளவு பெரிதாக இருந்ததால் வாரில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தார்கள்.

"வாங்க டாக்டரம்மா. போன் பண்ணிட்டு வந்திருக்கக் கூடாதா, வீடு கிடக்கிற கோலத்தைப் பாருங்க" என்றபடி அந்த அம்மாள் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் கிருமிநாசினி, மூத்திரம், வெந்நீர் எல்லாம் சேர்ந்த வாடை. கூடத்தில் இருந்த சோபாவை நிற்க வைத்துச் சுவரோடு சாய்த்து, அந்த இடத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். அதில் நாற்பத்தேழு படுத்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். இடுப்பெலும்பு முறிந்து, அறுவை செய்து, காய்ச்சல் கண்டு, வீட்டுக்கு வந்து ஏழு வாரம். முதுகின் அடியில் படுக்கைப் புண். டாக்டர் துணியை விலக்கிப் பார்த்தாள். புண் அவளுக்குப் புதிதல்ல, அதைப் பார்த்து அவள் முகம் சுளித்ததும் இல்லை.

"எப்படி விழுந்தார்?"

"அந்த நாற்காலிதான். தினமும் காலையில எந்திரிச்சு உக்காந்து எண்ணிக்கிட்டே இருப்பார். பதினேழு வந்துடுச்சு, இன்னும் ஒண்ணுதான்னு கத்தினார். நான் அடுப்படியில இருந்து வர்றதுக்குள்ள கீழ கிடந்தார்."

டாக்டர் துணியைத் திரும்ப மூடினாள். "எங்களுக்குச் சொல்லலையாம்மா?"

"சொல்லாம இருப்பேனா? கடிகாரத்து வார்ல இருக்கிற நம்பருக்கு ரெண்டு தடவை பண்ணினேன். லைட் எரியுதான்னு கேட்டாங்க. எரியுதுன்னேன். அப்ப பிரச்சினை இல்லை, கழட்டாம வெச்சுக்கோங்கன்னாங்க. மூணு நாள் ஓடலைன்னா பேரை எடுத்துடுவோம்னு நீங்களும் சொல்லியிருந்தீங்க. பேரை எடுத்துட்டா மூணு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டர் பாக்குறது, ரத்தம் எடுக்குறது எல்லாம் நின்னு போயிடுமேன்னு நானே கட்டிக்கிட்டேன். தப்பா?"

கூடத்துக்கும் குளியலறைக்கும், குளியலறைக்கும் அடுப்படிக்கும், துணிக்கும் வெந்நீருக்கும் மருந்துக்குமாக, இரண்டு அறை வீட்டுக்குள் அந்த அம்மாள் நடந்த நடைதான் ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம். அவளுக்கும் எழுபது தாண்டியிருக்கும். கால் இரண்டும் கணுக்காலில் வீங்கி, மேல்தோல் பளபளத்தது. அதைத்தான் ஒன்பது பேர் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து கைதட்டிப் பாராட்டியிருந்தார்கள்.

"திங்கக்கிழமை ஆனா மெசேஜ் வேற வந்துடும்" என்று தன் கைப்பேசியை நீட்டினாள் அந்த அம்மாள். பலூன் படங்களுக்கு நடுவே எழுதியிருந்தது: 'வாழ்த்துகள்! உங்கள் கால்கள் உங்களை நினைத்துப் பெருமைப்படுகின்றன!' அந்த வாசகத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தவளும் டாக்டர்தான். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

மறுநாள் பதினாறின் அறையில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பச்சைச் சாற்றை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். மேலுதட்டில் பச்சையாக ஒரு கோடு ஒட்டியிருந்தது, அதை அவர் துடைக்கவில்லை.

"பாவம். நல்ல மனுஷன்" என்றார். பிறகு, "கடிகாரம் பொய் சொல்லலையே? யாரோ நடந்திருக்காங்க" என்றார்.

"நடந்தது அவர் இல்ல சார்."

"அது உனக்குத் தெரியும். ஆய்வுக்குத் தெரியாது."

"அவர் விழுந்ததே நம்ம டெஸ்டுக்காகப் பழகித்தான்."

"வீட்ல பழகச் சொல்லி நம்ம விதிமுறையில எங்கயாவது எழுதியிருக்கா? இல்லையே. யாராவது வாய்ல சொல்லியிருந்தா அது அவங்க பொறுப்பு." ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். யார் சொன்னது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "விபத்துப் படிவம் போட்டா நெறிமுறைக் குழு வரும், ஆய்வு ஆறு மாசம் நிக்கும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா ஆயிடும். நான் சொல்றதைக் கேளு. சொந்த விருப்பத்துல விலகிட்டார்னு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடு. இதுவரைக்கும் வந்த தரவு இருக்கட்டும். பொண்ணு எப்ப வர்றா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள். இங்கே ஒரு மனுஷனையே மறைக்கப் பார்க்கிறார்கள். ஆனால் அவளுக்கு அருவருப்பாக இருந்தது அது மட்டுமல்ல. மகளைப் பற்றிக் கேட்டதும், "வர்ற ஜூன்ல சார்" என்று தன் வாய் பணிவாகப் பதில் சொன்னதுதான் அதைவிட அருவருப்பு. தன் நாக்கைத் தானே துப்பிவிடலாம் போல இருந்தது.

சாயங்காலம் கணவனிடம் போனில் சொன்னாள். "குட்டி இப்பவே பெட்டி அடுக்கிட்டா" என்றான். "நான் எதுவும் சொல்லலம்மா. உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்." எதுவும் சொல்லாதவன் முதலில் பெட்டியைச் சொல்லிவிட்டான்.

விலகல் படிவம், விபத்துப் படிவம் இரண்டையும் எடுத்துக்கொண்டு அவள் மறுபடி அந்த வீட்டுக்குப் போனாள். லிஃப்ட்காரர் விழித்திருந்தார். "படம் எடுக்கத்தானே வந்திருக்கீங்க? சீப்பைக் கொண்டா" என்று மனைவியை விரட்டினார். "பதினேழு எடுத்தேன் தெரியுமா? சாட்சி கிடையாது, அதான் குறை."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விலகல் படிவத்தை எடுத்து நான்காகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டாள். மற்றதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து எழுத ஆரம்பித்தாள். நாள், நேரம், முறிந்த எலும்பு, கடிகாரம் யார் கையில் இருந்தது, எத்தனை நாள். கடைசியில் ஒரு கேள்வி: பயிற்சி செய்யச் சொன்னவர் யார்? பேனா அந்த இடத்தில் வந்து நின்றது. பதினாறு கேட்ட கேள்வி, குட்டியின் பெட்டி, எல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. அவள் தன் பெயரையும் பதவியையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளை அந்த அம்மாள் பக்கம் தள்ளினாள்.

"படிச்சுப் பாருங்கம்மா."

அந்த அம்மாள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் தலை நிமிரவில்லை.

"நீங்க சொல்லித்தான் செஞ்சாரா?"

"ஆமாம்மா. விளையாட்டாச் சொன்னேன்."

"விளையாட்டா" என்றாள் அந்த அம்மாள். கண்ணாடியைக் கழற்றி மடக்கினாள். கட்டிலிலிருந்து அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், "நீங்க சும்மா இருங்க" என்று அடக்கினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.

"வந்து ஒரு கை பிடிங்க" என்றாள். குரலில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. "இடுப்புக்கு அடியில கொடுங்க. இன்னும் உள்ள. அங்கதான்."

டாக்டர் மண்டியிட்டு இரண்டு கைகளையும் உள்ளே விட்டாள். விரிப்பு ஈரமாக இருந்தது. புண்ணின் கசிவு விரல்களில் ஒட்டியது. எலும்பும் தோலுமாக இருந்த அந்த உடம்பு நினைத்ததைவிடக் கனத்தது. மேசைமேல் இருந்த அவள் கைப்பேசி அதிர ஆரம்பித்து, படிவத்தின் பக்கமாக நகர்ந்து நகர்ந்து போனது. பதினாறுதான் என்று இங்கிருந்தே தெரிந்தது.

"போன் அடிக்குது, எடுக்கணுமா?" என்றாள் அந்த அம்மாள்.

"இருக்கட்டும்."

"அப்ப விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் புதுத் துணி எடுக்க உள்ளே போனாள். லிஃப்ட்காரர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு டாக்டரின் தோளைப் பிடித்தார். அவருடைய முழுப் பாரமும் இப்போது அவள் கையில் இருந்தது.