குடும்பத் தலைவர் அளித்த பதில்

"நாளைக்குக் காலையில கட்டுரைத் தலைப்புப் பட்டியலை மூடிடுவாங்க அண்ணி. அதுக்குள்ள உங்க தலைப்பை வாபஸ் வாங்கிடுங்க. நான் எடுத்துக்கறேன்" என்றான் கொழுந்தன். உப்பு டப்பாவை இப்படி நகர்த்துங்கள் என்று கேட்பதுபோலத்தான் கேட்டான்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த மருமகளின் கை அப்படியே நின்றது.

"எடுத்துக்கிட்டா நான் எதை எழுதறது?"

"அடுத்த வருஷம் எழுதுங்களேன். உங்களுக்கு என்ன அவசரம்?"

இருவரும் ஒரே வகுப்பு. வார இறுதியில் நடக்கும் சமூக நல முதுகலைப் படிப்பு. அவன் வாரம் முழுவதும் அதற்காகத் தயாராகிக்கொண்டிருந்தான், அதாவது, தூங்கிக்கொண்டிருந்தான். அவள் வாரம் முழுவதும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்திவிட்டு வந்து படித்தாள். வீட்டில் அவனுக்கு ஏற்கெனவே 'டாக்டர்' என்று பெயர் வைத்தாயிற்று. முதல் நாள் வகுப்புக்குப் போய்த் திரும்பிய மாலையே மாமனார் அந்தப் பட்டத்தை வழங்கிவிட்டார். உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகமும் இவ்வளவு வேகமாக டாக்டர் பட்டம் கொடுத்ததில்லை.

பேராசிரியை கறாரானவர். ஒரு தலைப்பை ஒருவர்தான் எடுக்கலாம். ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளைத் தேடிப் படித்து, அவற்றை எடைபோட்டு எழுத வேண்டும். தலைப்பு இல்லாதவருக்கு அந்த வருடம் போச்சு. டாக்டருக்கு இன்னும் தலைப்பு இல்லை. மருமகளுக்கு இருந்தது: 'வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள்?'

பரிசோதனைக் கூடத்தில் உதித்த கேள்வி அது. வெளுத்துப்போன பெண்கள் வரிசையாக வந்து கை நீட்டுவார்கள். சிலருக்கு ஊசிக்கு நரம்பே அகப்படாது. "என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டால், "மிச்சம் இருந்ததை" என்பார்கள்.

அதற்காக அவள் தேடிய தேடல் இருக்கிறதே, காணாமல் போன கப்பலைக் கடலுக்கடியில் தேடுகிறவர்கள் அவளிடம் டியூஷன் எடுக்கலாம். கல்லூரி நூலக இணையதளத்தில் 'சாப்பிடும் வரிசை' என்று போட்டாள். கோழிகள் வந்து குவிந்தன. எந்தக் கோழி முதலில் தீனி தின்கிறது, எது தள்ளப்படுகிறது, தள்ளப்பட்ட கோழியின் மனநிலை என்ன என்றெல்லாம் அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து தள்ளியிருந்தார்கள். 'வீடு', 'பெண்', 'ரத்தசோகை' என்று சொற்களைச் சேர்க்கச் சேர்க்கக் கோழிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. கடைசியில் கையளவு கட்டுரைகள் மிஞ்சின. அதில் ஒன்று, பணம் கட்டினால்தான் திறப்பேன் என்று பூட்டிக் கிடந்தது. அதை எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டாள். அந்த மனிதரின் கட்டுரையை அதுவரை அவர் மனைவிகூடக் கேட்டதில்லை போலிருக்கிறது. அன்றைக்கே அனுப்பிவிட்டார், கூடவே கேட்காத இன்னும் இரண்டையும்.

இத்தனையும் வீட்டுப் பொது லேப்டாப்பில் இருந்தன. டாக்டர் திறந்து பார்த்தான். பழுத்த மரம் தெரிந்தது. தனக்காகத்தான் பழுத்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டான்.

மாமனார் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசில் ஊதினால் பேருந்து மட்டுமல்ல, வானத்தில் போகும் மேகமும் புறப்பட்டுவிடும் என்று பேச்சு.

"விட்டுக் குடுத்துடும்மா. வீட்டுக்குள்ள போட்டி எதுக்கு? உனக்கு இது பொழுதுபோக்கு. அவனுக்கு வாழ்க்கை" என்றார். "சரி, தட்டை வைங்க."

தட்டுகள் வந்தன. மாமனார், மூத்தவன், டாக்டர் மூவரும் உட்கார்ந்தார்கள். மாமியாரும் மருமகளும் பாத்திரங்களோடு நின்றார்கள். மூத்தவன் மருமகளின் புருஷன். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்து கொடுப்பவன், தட்டைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவனைக் கேட்டாள்.

"அப்பாதான் சொல்லிட்டாரே. கொஞ்சம் மீன் வை."

டாக்டர் உற்சாகமாகிவிட்டான். லேப்டாப்பைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இதுக்கு அண்ணி இவ்வளவு கஷ்டப்பட்டே இருக்க வேண்டாம். நான் காலையில எல்லாத்தையும் படிச்சு முடிச்சிட்டேன்" என்றான். ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் ஒட்டியிருக்கும் சுருக்கத்தைத்தான் படித்திருந்தான். தொப்பியைப் பார்த்துவிட்டு ஆளைத் தெரியும் என்கிற ரகம்.

"இருக்கறதுலயே பெரிய ஆய்வு இது. ஆயிரக்கணக்கான வீடுகள். முடிவு என்ன தெரியுமா? கேளுங்கப்பா. 'பெரும்பாலான வீடுகளில் ஆண்களும் பெண்களும் சேர்ந்தே உண்கின்றனர்.' அவ்வளவுதான். பிரச்சினையே இல்லை. கட்டுரை முடிஞ்சுது."

"நம்ம வீடு மாதிரி" என்றார் மாமனார் பெருமையாக, காலிக் கிண்ணத்தைப் பின்பக்கம் நீட்டிக்கொண்டே.

மாமியார் அதை வாங்கி நிரப்பினாள். நிரப்பியவள், கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் ஒரு கணம் கையிலேயே வைத்திருந்தாள்.

"தம்பி, அந்தக் கேள்வியை யார்கிட்ட கேட்டாங்க?" என்றாள் மருமகள்.

"வீடுகள்ல கேட்டாங்க."

"சுவர்கிட்டயா? சுருக்கத்துக்குக் கீழ இறங்குங்க. ஆய்வு எப்படி நடந்ததுன்னு ஒரு பகுதி இருக்கும். சத்தமா படிங்க."

டாக்டர் இறங்கினான். அந்தப் பிரதேசத்துக்கு அவன் போவது அதுவே முதல் முறை. கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்துப் படித்தான்: "'வினாக்களுக்குக் குடும்பத் தலைவர் விடையளித்தார்.'"

"பின்ன வேற யாரைக் கேப்பாங்க?" என்றார் மாமனார்.

"இன்னொருத்தர் கேட்டிருக்காங்க மாமா. சின்ன ஆய்வு. சமையல்கட்டுக்குப் போய், பெண்களைத் தனியா உக்கார வச்சு அதே கேள்வியைக் கேட்டிருக்காங்க. முடிவு அப்படியே தலைகீழ். அது சுருக்கத்துல இல்லை, உள்ள இருக்கு. அதனாலதான் இந்தத் தலைப்பை எடுத்தேன்." பாத்திரத்தை மேசைமேல் வைத்தாள். "சரி, இப்ப உங்களையே கேக்கறேன். நம்ம வீட்டுல எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிடறோமா?"

"ஆமா. இதென்ன கேள்வி? ஒரே மேசை, ஒரே சாப்பாடு."

"நல்லது. அப்ப கொஞ்சம் நகருங்க மாமா."

மேசையைச் சுற்றி இருந்த நாற்காலிகளில் ஒன்றில் இஸ்திரி போட வேண்டிய துணி மலைபோல் கிடந்தது. மலை ஏறுகிறவர்கள் கொடி நடும் உயரம். அதை அள்ளித் தரையில் போட்டாள். நாற்காலியை மாமனாருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தனக்கு ஒரு தட்டு வைத்து, மீனை எடுத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினாள்.

வீட்டில் கடிகாரம் நின்றுவிட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மாமனாரின் வாய் நின்றது, அது உண்மை. எழுந்து போகலாம் என்றால் பசி. எழுந்திரு என்று அதட்டலாம் என்றால், ஆமா என்று சற்றுமுன் சொன்னதே அவர் வாய்தான்.

"எங்களுக்கு யாரு பரிமாறுவா?" என்றான் மூத்தவன், உண்மையிலேயே கவலைப்பட்டு.

"கரண்டிக்குக் கைப்பிடி இருக்கு" என்றாள் மாமியார். மகனுக்கு அந்தக் குரல் புதிது. இன்னொரு நாற்காலியில் பல மாதத்துச் செய்தித்தாள்கள் அடுக்கியிருந்தன. தொட்டால் மாமனார் வீட்டை இரண்டாக்கிவிடுவார். அவள் அடுக்கை அப்படியே தூக்கி மூலையில் இறக்கினாள். முழங்கால் நோகிறவள் உட்காருவதுபோல மெல்ல உட்கார்ந்தாள். நிரப்பிய கிண்ணத்தைத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள்.

சூடு பட்டதும் கண்ணை மூடித் திறந்து, "சூடா இருந்தா இதுக்கு இப்படியா ருசி?" என்றாள். யாரிடமும் இல்லை.

டாக்டர் தொண்டையைக் கனைத்தான். "அப்ப என் தலைப்பு?"

"அது என் தலைப்பு. என் பேர்லதான் இருக்கும். இன்னும் பொழுது இருக்கு, நீங்களும் தேடுங்க. எப்படித் தேடறதுன்னு வேணும்னா காட்டறேன். படிக்கறது மட்டும் நீங்கதான்."

"நாங்க சொல்லியும் கேக்கமாட்டியா?" என்றார் மாமனார்.

"கேட்டேனே மாமா. அதனாலதானே உக்காந்திருக்கேன்."

திறந்திருந்த வாசல் கதவில் மாடி வீட்டுக்காரம்மா தலையை நீட்டினாள். ஏணி கேட்டு வந்தவள், மேசையைப் பார்த்ததும் ஏணியை மறந்துவிட்டாள்.

"என்ன, மாமியாரும் மருமகளும் கூடவே உக்காந்துட்டீங்க. இன்னைக்கு ஏதாவது விசேஷமா?"

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். டைம்கீப்பர் குரல் திரும்பி வந்தது. "விசேஷம் என்ன? எங்க வீட்டுல எப்பவுமே எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம்."

மாமியார் வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"அவரைக் கேட்டா அப்படித்தான் சொல்வாரு" என்றாள். "என்னைக் கேளுங்க."