மெதுவாக ஓடிய தோட்டம்

"இந்தச் சேமிப்பு எமுலேட்டரின் பழைய பதிப்பில் உருவானது. திறக்க இயலாது." திரையின் நடுவே சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வந்து நின்றது. லைல் அதை இரண்டு முறை படித்தான். பிறகு, கையில் இருந்த காப்பிக் கோப்பையைக் கீழே வைக்காமலே அதை விலக்கினான். மனைவி லேப்டாப்பில் ஆடும் விளையாட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்கியது. ஆறு, மலை, பின்னால் புல்லாங்குழல். எங்கும் திக்கவில்லை, இழுபடவில்லை. ஒரு நிமிடம் அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவள் அதில் வளர்த்த தோட்டத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விளையாட்டை மூடப் போனபோது, இப்போதைய நிலையைச் சேமிக்கவா என்று ஒரு கேள்வி வந்தது. சேமிப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஆமாம் என்று அழுத்தினான்.

அமெரிக்காவின் வடக்கே, துலூத் நகரில் அன்று ஞாயிற்றுக்கிழமை. ஏரி கரையோரம் உறைந்துவிட்டிருந்தது. குளிர்காலத்துக்காகத் துறைமுகத்தில் கட்டிப்போட்ட கப்பல்களின் வயிற்றுக்குள் இறங்கி வாரம் முழுக்க இரும்புத் தகடுகளைப் பற்றவைத்துவிட்டு, லைலுக்கு வீட்டில் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். பக்கத்து அறையில் அவன் மனைவி கொரீன் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சுக்குத் துணையாக ஓடும் இயந்திரத்தின் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. பத்தொன்பது வருடம் இந்த ஊரின் செங்குத்தான தெருக்களில், பனியில், பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் அந்த நோய் முதலில் அவள் இடது கையைப் பிடித்தது. பிறகு வலது கை. இப்போது பேச்சும் குழறுகிறது.

ஓட்டுநர் வேலை பறிபோன அந்த வாரத்தில்தான் அவள் தம்பி கிப் இந்த விளையாட்டைக் கொண்டுவந்தான். சின்ன வயதில் இருவரும் அடித்துக்கொண்டு ஆடிய கன்சோல் என்ற விளையாட்டுப் பெட்டி எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது. அந்தக் கன்சோல் போலவே கணினியை நடிக்க வைக்கும் எமுலேட்டர் ஒன்றைப் பழைய லேப்டாப்பில் போட்டுக்கொடுத்தான். ஆற்றங்கரையில் வெற்று நிலம், தொப்பி போட்ட ஒரு சிறுமி, கையில் மண்வெட்டி. அவ்வளவுதான். இரண்டு வருடத்தில் கொரீன் அங்கே பேரிக்காய்த் தோப்பு வைத்தாள், வேலி போட்டாள், ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினாள். நிஜத்தில் ஒரு கரண்டியைத் தூக்க முடியாமல் போன பிறகும் அங்கே மரம் நட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் லேப்டாப்புக்குத் தெம்பு போதவில்லை. சிறுமி தண்ணீருக்குள் நடப்பதுபோல நடப்பாள். புல்லாங்குழல் குடித்தவன் பாடுவதுபோல இழுக்கும். சூப் கலக்கும்போதெல்லாம் அந்த இழுவை லைலின் காதில் விழும். அவள் உடம்பில் அவனால் சரிசெய்ய முடிந்தது எதுவுமே இல்லை. இதையாவது சரிசெய்யலாமே என்றுதான், அவள் எழுவதற்கு முன்பாக, எமுலேட்டரைப் புதுப்பித்தான்.

கிப்பைத் தொலைபேசியில் அழைத்தான்.

"கிப், அக்காவோட தோட்டம் திறக்க மாட்டேங்குதுடா."

"என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல. அப்டேட்தான் போட்டேன்."

கிப் சிரித்தான். "ஒண்ணும் பண்ணாம அப்டேட் மட்டும் போட்டியா? நல்லா இருக்கு மச்சான். பயப்படாத. அந்த மாதிரி சேமிப்பு பழைய எமுலேட்டர்லதான் திறக்கும். பழசைத் திரும்பப் போட்டா அப்படியே வந்துரும். அதுக்கப்புறம் நீ எதையும் தொடலையே?"

"மூடினேன்."

"மூடும்போது எதாச்சும் கேட்டுச்சா?"

"சேமிக்கவான்னு கேட்டுச்சு."

"வேணாம்னு சொல்லியிருப்ப." லைல் கோப்பையைக் கீழே வைத்தான். "லைல், வேணாம்னுதானே சொன்ன?"

காப்பியின் மேல் ஆடை படிந்திருந்தது. லைல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ எப்பவும் ஒரே இடத்துலதான் சேமிப்பா" என்றான் கிப். குரலில் சிரிப்பு இல்லை. "நீ அவ தோட்டத்து மேலயே விளையாட்டோட வெறும் தொடக்கப் படத்தை வச்சுட்ட. அதைத் திருப்ப முடியாது. விளையாட்டுக்குன்னு சொந்தமா ஒரு சேமிப்பு இருக்கும், அந்தச் சிறுமி அவ வீட்டுக் கட்டில்ல படுத்தா பதியறது. அதைப் பாரு. எத்தனை தடவை சொன்னேன், அப்பப்ப கட்டிலுக்குப் போய்ப் படுன்னு. ஏன் அவ கேக்கல?"

ஏன் என்று லைலுக்குத் தெரியும். கட்டிலுக்குப் போக வேண்டுமென்றால் வயலிலிருந்து வீட்டுக்கு நடக்க வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், மூன்று கேள்விக்குப் பதில் அழுத்த வேண்டும். எமுலேட்டரின் சேமிப்புக்கு ஒரே ஒரு விசை. விரல் மடங்கிப்போனாலும் அதன் முட்டியால் அழுத்திவிடலாம். அந்த விசையின் மேல் சிவப்பு நகப்பூச்சு வைக்கச் சொன்னாள். வைத்தது அவன்தான்.

கட்டில் சேமிப்பு இருந்தது. முதல் வருடத்து இலையுதிர்காலம். நாலு ஆப்பிள் மரம், ஒரு வீடு, சுற்றிலும் களை.

கொரீனை எழுப்பி, முகம் துடைத்து, நாற்காலியில் உட்கார வைத்தான். தொண்டையில் சிக்காமலிருக்கக் கெட்டியாக்கிய சூப்பை ஊட்டினான். நாலாவது வாயில் அவள் உதட்டை மூடிக்கொண்டாள்.

"உன் மூஞ்சி கப்பல் முங்கின மாதிரி இருக்கு" என்றாள். ஒவ்வொரு சொல்லும் வாயிலிருந்து தள்ளப்பட்டு வந்தது. "என்ன?"

சொன்னான். அப்டேட், கேள்வி, ஆமாம். எதையும் குறைக்காமல் சொன்னான். அவள் ஜன்னலைப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரன் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தான்.

"பேரிக்காய்?"

"இல்ல."

"பாலம்?"

"இன்னும் கட்டல. ஆத்துக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் இருக்கு."

அவள் கண்ணை மூடினாள். கன்னத்தில் இறங்கியதைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை. துடைக்க எழுந்தவனைத் தலையசைத்து வேண்டாமென்றாள். அது அப்படியே தாடைவரை போய்க் காய்ந்தது.

"நான் திரும்பக் கட்டிடறேன், கொரீன். லீவு போடறேன். நீ எங்கன்னு சொல்லு, அங்க நடறேன்."

"நீ நட்டா கப்பல் தட்டு மாதிரி இருக்கும். எல்லாம் நேர்க்கோட்டுல." லேசாகச் சிரித்தது போலிருந்தது. பிறகு இல்லை. "ஏன் தொட்ட?"

"ரொம்ப மெதுவா ஓடிச்சு. பார்க்க முடியல எனக்கு."

"நான் சொன்னேனா, மெதுவா இருக்குன்னு?"

"நீ எதைத்தான் சொல்ற?"

"மெதுவா இருந்ததாலதான் என்னால ஆட முடிஞ்சுது." மூச்சு வாங்கினாள். "கைக்கு நேரம் கிடைச்சுது. அது போதும்னு இருந்தேன்."

அவனுக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. உட்கார்ந்தான். அந்த இழுபட்ட புல்லாங்குழலைக் கேட்டு எத்தனை முறை பல்லைக் கடித்திருக்கிறான். அந்த வீட்டில் அவளுக்காகக் காத்திருந்தது அது ஒன்றுதான். கதவோ, தொலைபேசியோ, அவனேகூட அவள் வேகத்துக்கு இறங்கியதில்லை.

"கொண்டா" என்றாள்.

மடியில் தலையணை வைத்து, அதன் மேல் கட்டுப்பாட்டுப் பெட்டியை வைத்து, வலது கட்டைவிரலைப் பொத்தானின் மேல் வைத்தான். கட்டில் சேமிப்பு திறந்தது. சிறுமி மின்னல்போல ஓடினாள், சுவரில் முட்டினாள், திரும்பினாள். கொரீனின் விரல் அழுத்திய இடத்திலிருந்து எழுவதற்குள் கோடாரி மூன்று முறை இறங்கிவிட்டது. நாலு ஆப்பிள் மரத்தில் ஒன்று சாய்ந்தது.

"நிறுத்து" என்றாள்.

அமைப்புகளுக்குள் தேடினான். ஓட்ட வேகம் என்று ஒரு வரி இருந்தது, நூறு சதவீதம் என்று. இவ்வளவு நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. "பழைய வேகம் அறுபது இருக்கும்" என்று குறைத்தான். மரம் சாய்ந்தது பதிவாவதற்கு முன்பே சேமிப்பைத் திரும்பத் திறந்ததால், மரம் நின்றுகொண்டிருந்தது. புல்லாங்குழல் இழுத்தது. இதுதான், இதேதான் என்று அவன் அவளைப் பார்த்தான். விரல் நகர்ந்தது. சிறுமி நிற்க வேண்டிய வாசலைத் தாண்டிப் போய் வேலியில்லாத வெளியில் நின்றாள்.

"இன்னும்" என்றாள் கொரீன்.

ஐம்பதுக்கு வந்தான். மண்வெட்டியை எடுக்க வேண்டிய இடத்தில் சிறுமி பையை மூடினாள்.

"இன்னும் குறை."

"அறுபதுலதானே இவ்வளவு நாளும் ஆடின?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நம்ம தெருவுல இலை விழ ஆரம்பிச்சதிலேர்ந்து ஆடல. சும்மா நடந்து பார்ப்பேன். மரம் எல்லாம் நல்லா இருக்கான்னு."

அவன் வேலைக்குப் போய்த் திரும்பிய இத்தனை நாளும், இன்னைக்கு என்ன நட்ட என்று கேட்டிருக்கிறான். பேரிக்காய் என்றோ பிளம் என்றோ அவள் சொல்லியிருக்கிறாள். அவன் வேகத்தை நாற்பது என்று வைத்தான். அவள் சொல்வதற்குக் காத்திராமல் முப்பது என்று வைத்தான். புல்லாங்குழல் பாட்டாக இல்லாமல் போய், தனித்தனி மூச்சாக வந்தது. அந்த நிலத்தில் மழை தொடங்கியது. ஒவ்வொரு துளியும் நீளமாக, தனியாக, மண்ணைத் தொடுவதற்கு முன் யோசிப்பதுபோலத் தொங்கி, பிறகு இறங்கியது. கொரீனின் கட்டைவிரல் அழுத்தத் தொடங்கி, இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. அவன் வேகத்தைக் குறைக்கும் விசையின் மேல் கையை வைத்தபடி இருந்தான். சிறுமி தூக்கிய கால் இன்னும் தரையைத் தொடவில்லை.