என் தம்பி சொன்ன கேஸ்

கணவர் என்றுதான் எழுத வருகிறது. வேண்டாம், அந்த 'ர்' இனி அவனுக்குக் கிடையாது. கணவன். பைக் மெக்கானிக். முன்னால் பட்டறை, பின்னால் சமையலறை, நடுவே ஒரு திரைச்சீலை. கோபம் வந்தால் ஸ்பேனர் பறக்கும். கையில் ஸ்பேனர் இல்லாத நாட்களில் நான் அகப்படுவேன்.

என் தம்பி வெளிநாட்டில் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்துவிட்டு, அந்த ஊர்ப் பேச்சையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தான். வந்த மறுநாளே, "மாமா, இந்த வண்டில கேஸ் இல்ல," என்றான். என் கணவன் சமையலறையில் சிலிண்டர் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தான். வண்டி விட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஊத்தினா ஒழுகுது. அது எப்படிடா கேஸ்?"

"கேஸோலின் மாமா. அதைச் சுருக்கித்தான் கேஸ்."

"அதுக்கு அர்த்தம்னு ஒண்ணு இருக்கா, இல்ல சும்மா சீன் போடறியா?"

"கேஸ்ங்கிறது ஒரு விஞ்ஞானி உண்டாக்கின வார்த்தை. கிரேக்கத்துல கேயாஸ்னு இருக்கு, அதுல இருந்து எடுத்ததாம். இப்ப கேயாஸ்னா அலங்கோலம். அதோட எண்ணெய்க்கு ஒரு 'ஓல்', வாலுக்கு ஒரு 'ஈன்'."

"அலங்கோலமா? அப்ப உங்கக்காவுக்குத்தான் அந்தப் பேரு வச்சிருக்கணும்."

அதற்கும் சிரித்தார்கள். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. என் கன்னத்து வீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பில் பால் வைத்திருந்தேன். தம்பி பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, துணிமணியை எடு. என்கூட வந்துடு. இந்த ஆள்கிட்ட நீ அடி வாங்கினது போதும்."

திரை விலகியது. பாகங்களைக் கழுவும் பெட்ரோல் கேன் என் கணவன் கையில் இருந்தது.

"யார் வீட்டுக்கு வந்து யாரைடா கூட்டிட்டுப் போற?"

முதல் குத்திலேயே தம்பியின் மூக்கு உடைந்தது. அவனும் சும்மா இல்லை. மாமாவின் தலைமுடியைப் பிடித்து நிலைக்கதவில் மோதினான். இருவர் ரத்தமும் தரையில் கிடந்தது. இடையில் புகுந்த எனக்கு முழங்கையால் ஒரு இடி, ஒரு பல் போயிற்று. சுவரோரம் சுருண்டு விழுந்தேன். என் கணவன் கேனைத் திறந்து தம்பியின் தலையில் கவிழ்த்தான்.

"கேஸு கேஸுன்னு உயிரை வாங்கினியே. இந்தா, குளி!"

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. "கேஸை மூடுடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கை நீட்டினால் அடுப்பின் திருகு. ஆனால் தம்பி குனிந்தான். கீழே உருண்டு கொட்டிக்கொண்டிருந்த கேனை நிமிர்த்திவிட்டு, அதன் மூடியைத் தேடினான். அவன் பேச்சில் கேஸ் என்றால் அதுதானே. சின்ன வயதிலிருந்தே என் சொல்லைத் தட்டாத பிள்ளை.

அடுப்புத் தீ குப்பென்று அவனைப் பிடித்தது. சட்டை, முடி, பிறகு முகம். போர்வையை எடுத்து அவனைச் சுற்றிக் கட்டிப்பிடித்தேன். அவன் தோல் என் உள்ளங்கையோடு வந்தது. என் கணவன் தெருவுக்கு ஓடி, "ஐயோ, கேஸ் லீக்காயிடுச்சு, சிலிண்டரு!" என்று ஊரைக் கூட்டினான். ஓடிவந்தவர்கள் மண்ணைக் கொட்டி அணைத்துவிட்டு, நல்லவேளை வெடிக்கவில்லை என்று அவனுக்கே ஆறுதல் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கட்டிலருகே குனிந்தார். "எப்படிப்பா பத்துச்சு?"

தம்பி உதட்டைப் பிரித்தான். "கேஸ்... மாமா... கேஸ்..."

"கேஸ் கசிவு. விபத்து," என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதினார். நெற்றியில் கட்டோடு வாசலில் நின்ற என் கணவன், "நான்தான் அப்பவே சொன்னேனே சார்," என்று கண்ணைத் துடைத்தான். துடைத்துவிட்டு என்னைப் பார்த்தான். வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு என்கிற பார்வை. எத்தனையோ தடவை பார்த்ததுதான்.

தம்பியும் என்னைத்தான் பார்த்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக அவன் நினைப்பு.

"சார், எழுதினதை அடிங்க," என்றேன். "என் தம்பி கேஸ்னு சொன்னா பெட்ரோல். சிலிண்டர் எங்க வீட்ல முழுசாக் கிடக்கு, போய்ப் பாருங்க. ஊத்தினது இவரு... இவன்தான் ஊத்தினான்."

போலீஸ்காரர் பேனாவை நிறுத்தினார். "யோசிச்சுச் சொல்லும்மா. அப்புறம் கேஸை மூட முடியாது."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் தம்பியின் விரல்கள் படுக்கையில் எதையோ தடவித் தேடின.

"மூடி கிடைக்கலக்கா," என்றான்.